வேலூர் டிராக்டர் தண்ணீர்: ஒரு நடைக்கு என்ன கிடைக்கிறது, எங்கிருந்து கிடைக்கிறது

சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம், அரியூர் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு டிராக்டர் தண்ணீரைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. போன் போட்டால் கிணற்றுத் தண்ணீரை ஏற்றிய தொட்டி வண்டி வருகிறது, வீட்டின் தரைக்கீழ்த் தொட்டியான சம்ப்பில் கொட்டுகிறது, காசை வாங்கிக்கொண்டு போகிறது. வேகத்துக்கு முழு மதிப்பெண் தரலாம். அளவுக்குப் பாதி. தரத்துக்கு ஆளைப் பொறுத்து. எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லும் நேர்மைக்கு மட்டும் பூஜ்யம்தான். எந்த ஒரு வண்டிக்காரரையும் குறிவைத்து எழுதியதல்ல இது. வேலூர் மாநகரத்திலும் சுற்றியுள்ள பேரூர்களிலும் நடக்கும் மொத்த சேவைக்கான மதிப்பீடு.

முதலில் அளவு. தொட்டியின் மேல் "5,000 லிட்டர்" என்று பெயிண்ட்டில் எழுதியிருப்பதை நம்பிப் பயனில்லை. டிராக்டர் தொட்டிகள் பெரும்பாலும் முட்டை வடிவக் குறுக்குவெட்டு கொண்டவை. அகலம், உயரம், நீளம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, அதை 0.785 ஆல் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். கன மீட்டருக்கு 1,000 லிட்டர். அகலம் 1.5, உயரம் 1.2, நீளம் 3.5 மீட்டர் என்றால் 4,945 லிட்டர் வரும். சொன்ன சொல்லுக்குச் சரிதான். அதே தொட்டியின் நீளம் 3 மீட்டராக இருந்தால் 4,239 லிட்டர்தான் பிடிக்கும். தெருவில் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

தொட்டியை அளக்கச் சங்கடமாக இருந்தால் சம்ப்பை அளந்து வைத்துக்கொள்ளலாம். 3 மீட்டருக்கு 2 மீட்டர் சம்ப்பு என்றால் ஒரு சென்டிமீட்டர் ஏற்றம் 60 லிட்டர். முழு 5,000 லிட்டர் வந்தால் 83 சென்டிமீட்டர் ஏற வேண்டும். 75 மட்டும் ஏறினால் 4,500 லிட்டர்தான் வந்திருக்கிறது. சம்ப்பின் உள்சுவரில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு வைத்தால் போதும். வண்டிக்காரரும் அதைப் பார்த்துவிட்டால் பிறகு பேச்சே வராது. அளக்கும்போது நகராட்சிக் குழாயை மூடிவிட வேண்டும், மாடிக்கு ஏற்றும் மோட்டாரையும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு இரண்டு பக்கமும் தப்பும்.

அளவு குறைவதற்கு எல்லா நேரமும் ஏமாற்று காரணமல்ல. கிணற்றடியில் மும்முனை மின்சாரம் பாதியில் போனால் தொட்டி நிரம்பாமலேயே வண்டி கிளம்பிவிடும். மேல் மூடியின் ரப்பர் வளையம் போயிருந்தால் குழி மேட்டில் தளும்பிக் கொட்டிக்கொண்டே வரும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. திறப்பு வால்வு தொட்டியின் பின்பக்க அடியில் இருக்கிறது. மலையடிவாரத் தெருக்களில் டிராக்டரின் மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றால் தண்ணீர் முன்பக்கம் ஒதுங்கித் தேங்கிவிடும், "காலி சார்" என்று ஓட்டுநர் ஓஸைச் சுருட்டிவிடுவார். வண்டியின் பின்பக்கம் தாழ்வாக நிற்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஐந்தாறு குடம் கூடுதலாகக் கிடைக்கும்.

தரத்தைப் பொறுத்தவரை எல்லாரும் கையில் எடுப்பது பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரைத்தான். இந்தியத் தர நிர்ணய அளவின்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 2,000 தாண்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் ஓஸில் முதலில் வரும் தண்ணீரில் மீட்டரை வைக்காதீர்கள். போன நடையின் மிச்சமும் குழாயில் நின்ற துருவும் அதில் இருக்கும். இரண்டு பக்கெட் வெளியே விட்ட பிறகு பிடித்துப் பாருங்கள். சம்ப்பில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரோடு கலந்த பிறகு பார்த்தும் பயனில்லை.

அந்த மீட்டர் சொல்லாத விஷயங்கள்தான் இந்தப் பகுதியில் ஆபத்தானவை. கிருமியை அது காட்டாது, குரோமியத்தைத் தனியே காட்டாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவிய உப்பு ஊறல் கழிவில் மொத்தமாக இறங்குகிறது; குரோம் பதனிடுதலில் மிஞ்சுவது அதற்கு மேல். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலேயே, சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாகப் பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்திய சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அழுத்தமாகச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு பற்றியும் பாலாற்றைச் சீர் செய்வது பற்றியும் 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால், நிலத்தடியில் இறங்கியது எளிதில் வெளியேறாது என்று புரிந்துகொள்ளலாம். அந்த ஊர்களை ஒட்டிய கிணறு என்று தெரிந்தால் குளிக்க, துவைக்கக்கூட யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேனில் 2 லிட்டர். கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு, காற்று நிற்காதபடி வாய்வரை நிரப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், அதை அலசக் கூடாது, குளிர்ச்சியாக வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குரோமியத்தைத் தனியாகக் கேட்டு எழுதிக் கொடுங்கள். வழக்கமான பட்டியலில் எப்போதும் வராது. வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

கிருமிக்கு பிளீச்சிங் பவுடர் போதும், அளவு தெரிந்து போட்டால். புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது பழைய சுகாதாரத் துறைக் கணக்கு. டிராக்டர் தண்ணீர் எங்கெங்கே பட்டு வந்தது என்று தெரியாததால் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: 5,000 லிட்டர் நடைக்கு 25 கிராம். பிளாஸ்டிக் பக்கெட்டில் குழம்பாகக் கரைத்து, தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் தெளியவிட்டு, சுண்ணாம்பை அடியில் விட்டுவிட்டு மேல்தெளிவை மட்டும் ஓஸ் ஊற்றும்போதே சம்ப்பில் ஊற்ற வேண்டும். அப்போதுதான் கலக்கும். கடைசியில் ஊற்றினால் ஒரு மூலையிலேயே நிற்கும். அரை மணி நேரம் கழித்துச் சோதனைச் சொட்டு மருந்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீதி குளோரின் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பவுடர் பழசு, அல்லது தண்ணீரில் அழுக்கு அதிகம். கோடையில் வெயில் படும் இடத்தில் வாய் திறந்து வைத்த பவுடருக்கு ஒரு மாதத்திலேயே வீரியம் போய்விடும். கடையில் மூட்டையைப் பிரித்து எடைபோட்டு விற்பதை வாங்காதீர்கள்.

இனி விலையைக் கேட்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: எந்த ஊர்க் கிணறு?

வேலூருக்கு வரும் தண்ணீர் மூன்று வகை. பாலாற்றுக் கரையோரக் கிணறு, ஏரிப் பாசனத்துக்குள் இருக்கும் விவசாயக் கிணறு, பாறையைத் துளைத்துப் போட்ட போர். தோல் ஊர்களை ஒட்டாத இடத்தில் முதலாவதுதான் நல்ல தண்ணீர், அதுதான் வேகமாகக் குறைகிறது. காரணம் மணல். பருமணல் தன் கொள்ளளவில் கால் பங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைத்துத் திருப்பித் தரும். ஒரு ஹெக்டேர் படுகையில் 3 மீட்டர் ஆழ மணல் இருந்தால் அது சுமார் 75 லட்சம் லிட்டர் தண்ணீர். டிராக்டர் கணக்கில் 1,500 நடை. மணலை அள்ளிய இடத்தில் அந்தத் தொட்டியையே அள்ளிவிட்டோம். மேலே தண்ணீர் ஓடாத நாளிலும் பாலாறு ஓர் ஆறாக இருந்தது இந்த மணலால்தான். கோடையிலும் ஊற்றுக்கால் வெட்டிப் பயிர் வைத்த ஊர்கள் இதன் கரையில் நிறைய.

மழையும் மாறியிருக்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். அதனால் பெய்தால் கொட்டுகிறது, விட்டால் நெடுநாள் காய்கிறது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்க வேண்டியதாயிற்று. 2021 நவம்பரில் பாலாற்றில் நூறு வருடத்தில் காணாத வெள்ளம். அதே நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். வேலூரின் நிலம் கெட்டிப்பாறை. மேலே சிதைந்த மண்ணிலும் கீழே பாறை வெடிப்பிலும் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். நாலு நாளில் கொட்டும் மழையை அது குடிக்காது, வழித்து அனுப்பிவிடும். அதனால்தான் வெள்ளம் வந்த மாவட்டத்திலேயே அடுத்தடுத்த கோடைகளில் டிராக்டர் ஓடுகிறது.

இதில் ஆந்திரத் தடுப்பணைகளைச் சொல்லாமல் விட முடியாது. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திராவில் 33 கிலோமீட்டர் மட்டுமே ஓடி, தமிழகத்தில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. மேற்புறத்தில் புது அணை கட்டக் கீழ்ப்புறத்தின் சம்மதம் வேண்டும் என்ற 1892ஆம் ஆண்டு சென்னை–மைசூர் ஒப்பந்தத்தில் வரும் ஆறு இது. ஆந்திராவின் அணைத் திட்டத்தை எதிர்த்து 2006இலும், புல்லூர் அருகே தடுப்பணையை உயர்த்தியதை எதிர்த்து 2016இலும் தமிழகம் உச்ச நீதிமன்றம் போனது. இந்தப் பக்கம் டீக்கடையில் இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்துக் கதை அவ்வளவாகத் தெரியாது: ஆந்திரத்தின் குப்பம் மேட்டுநிலம், மழையை நம்பிய பூமி, போர்வெல் போட்டு ஓய்ந்த விவசாயிகள். அவர்களுக்கு அந்தத் தடுப்பணை வறட்சியைச் சமாளிக்கும் ஏற்பாடு. அது வாணியம்பாடிக்கு வறட்சியாக வந்து சேருகிறது. இன்றைக்கு எல்லைக்கு அப்பால் இருக்கும் சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரமாக இருந்த ஊர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது வெளியாள் சண்டையில்லை, ஒரே வீட்டுப் பங்காளிச் சண்டை என்று தெரியும்.

டிராக்டர் தண்ணீரும் இதையேதான் சின்ன அளவில் செய்கிறது. நகரத்தின் பற்றாக்குறையைக் கணியம்பாடி, அணைக்கட்டு, ஊசூர் பக்கத்துக் கிணற்றுக்கு மாற்றிவிடுகிறது. கிணற்றுக்காரர் பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 48 லட்சம் லிட்டர். கிட்டத்தட்ட 970 நடை. நடைக்கு 100 ரூபாய் கையில் நின்றாலும் லட்சத்துக்குப் பக்கம். நெல்லில் அதில் பாதி மிஞ்சினால் பெரிய விஷயம். நாற்றுவிட வேண்டாம், கூலியாள் தேட வேண்டாம், நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருக்க வேண்டாம். அவரைக் குறை சொல்ல வாயே வராது. ஆனால் அவர் கிணற்றின் ஊற்று பக்கத்து நிலத்துக்கும் சேர்த்துத்தான். இவர் ஒரு நாளைக்கு இருபது நடை ஏற்றினால் பக்கத்துக் கிணறு முதலில் மணிக்கணக்கில் ஊறும், பிறகு ஊறாது. அவருக்கு விற்கவும் தண்ணீர் இல்லை, பயிர் வைக்கவும் இல்லை. நடவுக்குப் போன பெண்கள் ஷூ கம்பெனி வேனில் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் போகிறார்கள். ஆண்கள் பெங்களூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ ரயில் ஏறுகிறார்கள். காலநிலை இடப்பெயர்வு என்றதும் கடல் கொண்ட தீவுதான் எல்லார் நினைவுக்கும் வருகிறது. இங்கே அது காலை ஆறு மணிக் கம்பெனி வேன்.

வறட்சி மட்டுமே சண்டையை மூட்டிவிடும் என்று சொன்னால் தவறு. சிரியாவின் 2006–10 வறட்சிதான் அங்கே உள்நாட்டுப் போருக்குக் காரணமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கிராமத்தவர் நிலத்தை விட்டு நகர்ந்தார்கள் என்பதில் அவ்வளவு சண்டையில்லை. தண்ணீர் குறைவதைவிட, குறைந்ததை யார் எடுக்கிறார்கள் என்பது வெளிப்படையாகத் தெரியாதபோதுதான் ஊர் வண்டியை மறிக்கிறது. 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனபோதும் இதுதான் நடந்தது. ஜூலை 12 அன்று கிளம்பிய முதல் ரயிலில் 50 வேகன், 25 லட்சம் லிட்டர். போனது மேட்டூரிலிருந்து குழாயில் வந்த காவிரித் தண்ணீர். ஆனாலும் "எங்களுக்கே இல்லை, அங்கே போகிறதா" என்ற கோபம் கிளம்பிவிட்டது. அது பேராசைக் கோபமில்லை; கணக்குக் காட்டாததால் வந்த கோபம்.

மாற்று வழிகளையும் இதே தராசில் நிறுத்திவிடலாம். காவிரிக் கூட்டுக் குடிநீர் தரத்தில் டிராக்டரைவிட நிச்சயமாக மேல். குறை அதன் நீளத்தில். மேட்டூரிலிருந்து இவ்வளவு தூரம் வருவதற்குள் ஓரிடத்தில் குழாய் வெடித்தாலோ நீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனாலோ வால்பகுதித் தெருக்களுக்கு முதலில் நிற்கும். அதனால் சம்ப்பு சின்னதாக இருந்தால் முறைத் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைக்க இடம் இருக்காது. நாலு பேர் வீட்டுக்கு, நகர அளவுகோலான ஆளுக்கு 135 லிட்டர் கணக்கில், ஒரு நாளைக்கு 540 லிட்டர். பத்து நாள் தாங்க 5,400 லிட்டர் சம்ப்பு வேண்டும். புதிதாக வீடு கட்டுபவர்கள் இதற்கு மேல் கட்டினால் டிராக்டர் முழு நடையையும் ஒரே இடத்தில் இறக்கலாம், பாதியைத் திருப்பி அனுப்பி முழுக் காசு கொடுக்கும் அவஸ்தை இல்லை.

கேன் தண்ணீர் குடிக்க மட்டும். 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்றால் 1,000 லிட்டருக்கு 1,500 ரூபாய். டிராக்டர் 5,000 லிட்டர் 800 ரூபாய் என்றால் 160. கிட்டத்தட்ட பத்து மடங்கு கொடுத்து வாங்குவதால், மூடியில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி, உடையாத சீல் மூன்றையும் பாருங்கள். கேனின் உட்புறம் பச்சை படிந்திருந்தாலோ கீறல் விழுந்து மங்கியிருந்தாலோ வாங்காதீர்கள். கேன் வாங்கினால் கிணற்றைத் தொடவில்லை என்று நினைக்க வேண்டாம், ஆர்.ஓ. ஆலையில் சுத்தமாகும் ஒவ்வொரு லிட்டருக்கும் உப்பேறிய கழிவு நீர் ஒரு பங்கு வெளியே போகிறது. வீட்டு ஆர்.ஓ.வில் அது இன்னும் அதிகம். அதைத் தரை கழுவப் பிடித்து வையுங்கள், செடிக்கு ஊற்றாதீர்கள்.

மழைநீர்த் தொட்டிக்குத்தான் உண்மையான வரவு. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். சேதாரம் போக 4,000 கைக்கு வரும். ஒரே இரவில் ஏறக்குறைய ஒரு டிராக்டர் நடை. முதல் 100 லிட்டரை வெளியே விடத் தனி வால்வு, அதன் பிறகு வடிகட்டி, அதன் பிறகு சம்ப்பு என்ற வரிசை மாறக் கூடாது. 2003 மழைநீர் சேகரிப்புச் சட்டத்துக்காகக் கட்டிய குழிகள் பல வீடுகளில் வண்டல் அடைத்துச் செத்துக் கிடக்கின்றன. ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவி, புரட்டாசிக்குள் திரும்பப் போட வேண்டும். கணியம்பாடி வட்டாரத்தில் நாகநதிப் படுகை நெடுக நூறு நாள் வேலைப் பெண்கள் உறைகிணறுகளும் கல் தடுப்புகளும் அமைத்தார்கள். வெள்ளத்தை நிறுத்தி நிதானமாகப் பூமிக்குள் அனுப்பும் வேலை அது. இங்கே உள்ள பாறைக்கு அதுதான் பொருத்தம்.

சட்டம் என்று பார்த்தால் இந்தச் சேவைக்கு மேலே முழுக் கூரை இல்லை. 2003இல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டம் 2013இல் திரும்பப் பெறப்பட்டது. அனுமதியின்றி வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுப்பதைத் திருட்டாகவே பார்க்கலாம் என்று 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. விவசாய இலவச மின் இணைப்பில் இறைத்து விற்பது மின்வாரிய விதிப்படி குற்றம். இத்தனை இருந்தும் தொட்டியின் பின்னால் கிணற்றின் ஊரும் சர்வே எண்ணும் எழுதி ஓடும் வண்டி கண்ணில் படுவதில்லை. கிணற்றடியில் ஒரு மீட்டர், வண்டியில் ஒரு நடைப் புத்தகம், ஆண்டில் ஊறுவதைவிட அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கும் குறுவட்டங்களில் கோடையில் நாளுக்கு இத்தனை நடை என்ற வரம்பு: இந்த மூன்றும் வந்தால் விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டும்.

அதுவரை வாங்கியே தீர வேண்டியவர்களுக்கு: வைகாசி முகூர்த்த சீசனில் கல்யாண மண்டபங்களும் ஆஸ்பத்திரி லாட்ஜுகளும் வண்டிகளைப் பிடித்துவிடும், அப்போது போய் நின்றால் கிடைத்த தண்ணீரைத்தான் வாங்க வேண்டியிருக்கும். மாசியிலேயே ஒரே வண்டிக்காரரிடம் பேசி, ஒரே கிணறு என்று ஒப்புக்கொள்ள வைத்து, அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். நாலு வீடு சேர்ந்தால் ஆய்வகக் கட்டணம் பெரிதாகத் தெரியாது. கிணறு மாறினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதையும் பேசிவிடுங்கள். திடீரென்று டி.டி.எஸ். மீட்டரில் இருநூறு முந்நூறு ஏறினால் கிணறு மாறியிருக்கிறது, அல்லது அதே கிணறு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இரண்டில் எதுவானாலும் அன்றைய நடையைத் துணி துவைக்க மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்ததற்கு வேறு ஆளைப் பாருங்கள்.